இதயச் செயலிழப்பு: ஊசி, குழாய் இல்லாமல் ரத்த ஓட்டத்தைக் கண்காணிக்க முடியுமா?

"டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள மறுபடியும் மூச்சு வாங்குது. அட்மிட் பண்ணச் சொல்லிட்டாங்க." இதயச் செயலிழப்பு நோயாளி இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. ஒவ்வொரு தடவை அட்மிட் ஆகித் திரும்பும்போதும் நோயாளியின் உடம்பு முன்பைவிடக் கொஞ்சம் தளர்ந்துதான் திரும்புகிறது. வீட்டின் சேமிப்பும் அப்படித்தான்.

இந்தியாவில் நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனம் ஒருங்கிணைத்த தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேட்டில், நாடு முழுவதும் 53 மருத்துவமனைகளில் சேர்ந்த சுமார் 10,850 நோயாளிகளின் விவரங்கள் சேகரிக்கப்பட்டன. அவர்களின் சராசரி வயது 60. மேலை நாடுகளில் இந்த நோயாளிகளின் சராசரி வயது 70ஐ ஒட்டி இருக்கிறது. நமக்குப் பத்து வருடம் முன்பே வந்துவிடுகிறது. மருத்துவமனையில் சேர்ந்த 90 நாட்களுக்குள் 14.2% பேர் இறந்துவிட்டார்கள். அதாவது ஏழு பேரில் ஒருவர்.

இதில் வேதனையான விஷயம், இந்த மோசமடைதல் பெரும்பாலும் ஒரே ராத்திரியில் வருவதில்லை என்பதுதான். உடம்புக்குள் பல நாட்கள், சில நேரம் வாரக்கணக்கில், அமைதியாக நடந்துகொண்டிருக்கிறது. அதை வீட்டில் இருந்தபடியே, உடம்புக்குள் எதையும் செலுத்தாமல் முன்கூட்டியே பார்த்துவிட முடியுமா? உலகம் முழுவதும் இதற்காகக் கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, எவ்வளவு நம்பலாம், நமக்கு உண்மையில் எது குறைகிறது என்று பார்ப்போம்.

மாரடைப்பு வேறு, செயலிழப்பு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாரடைப்பு என்பது இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு ஏற்படுவது. இதயத் துடிப்பே நின்றுபோவது இன்னொன்று. அதை 'கார்டியாக் அரெஸ்ட்' என்கிறார்கள். இதயச் செயலிழப்பு இந்த இரண்டும் அல்ல. 'செயலிழப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தேவையான அளவுக்கு ஓடவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஓய்வாக இருக்கும்போது ஆரோக்கியமான இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. மாரடைப்பு, நீண்டநாள் ரத்தக்கொதிப்பு, வால்வுக் கோளாறு, சர்க்கரை நோய் போன்ற காரணங்களால் இதயத் தசை பலவீனமானாலோ, விறைத்துப்போனாலோ இந்த இறைப்பு தடுமாறும். முன்னே போக வேண்டிய ரத்தம் பின்னால் தேங்கும். இடதுபக்கம் தேங்கினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். வலதுபக்கம் தேங்கினால் கால் வீங்கும், வயிறு உப்பும், பசி போய்விடும். ரத்தம் குறைவாக வருவதை உணரும் சிறுநீரகம், உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைக்கும். ஏற்கெனவே தேங்கிய இடத்தில் இன்னும் தேங்கும்.

ஆகவே இதயச் செயலிழப்பைக் கண்காணிப்பது என்றால் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுவதுதான். ரத்தம் போதுமான அளவு முன்னே போகிறதா? பின்னால் எவ்வளவு தேங்கி, அழுத்தம் ஏறியிருக்கிறது? நம் கையில் கட்டிப் பார்க்கும் பி.பி. மெஷின் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லாது. கையில் பார்க்கும் பி.பி. நார்மலாக இருக்கும்போதே நுரையீரலுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம்.

அறிகுறிக்கு முன்பே ஏறும் அழுத்தம்

இதயத்துக்குள்ளேயே சென்சார் பொருத்தப்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் ஒரு முக்கியமான வரிசையைக் காட்டின. முதலில் இதயத்துக்குள் அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. மருத்துவமனையில் சேர்வதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே இது தெரிகிறது. அதற்குப் பிறகுதான், பல பேருக்கு, உடல் எடை கூடுகிறது. கடைசியாகத்தான் மூச்சுத் திணறலும் கால் வீக்கமும். நோயாளி "எனக்கு முடியலை" என்று சொல்லும்போது, இந்த ஏற்றத்தின் கடைசிக் கட்டத்தில் நிற்கிறார்.

இந்த இரண்டு மூன்று வாரம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அந்த நேரத்தில் நீர் பிரியும் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினாலே பல அட்மிஷன்களைத் தவிர்க்கலாம். ஒரு மாத்திரையில் முடிய வேண்டியது, கவனிக்காமல் விட்டால் ஐசியுவில் போய் முடிகிறது.

குழாய் கற்றுத்தந்த பாடம்

இதயத்துக்குள் அழுத்தம் அளக்கும் வரலாறு 1929இல் தொடங்குகிறது. வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மன் டாக்டர், தன் கை நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாயைத் தன் இதயம்வரை தானே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். 1956இல் அவருக்கும், அந்த வழியில் மேலே ஆராய்ந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1970இல் அமெரிக்காவில் ஜெரமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் இருவரும் நுனியில் சிறு பலூன் வைத்த குழாயை அறிமுகப்படுத்தினார்கள். பாய்மரப் படகு காற்றில் போவதுபோல், ரத்த ஓட்டமே அந்தப் பலூனை இழுத்துக்கொண்டு நுரையீரல் தமனிவரை கொண்டுபோய்விடும். ஐசியுக்களில் இன்றும் இது பயன்படுகிறது.

இவ்வளவு துல்லியமாக அளந்தால் நோயாளிகள் நிறையப் பேர் பிழைக்க வேண்டுமே? அதைச் சோதித்தது 2005இல் வெளியான 'எஸ்கேப்' ஆய்வு. கடுமையான இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் இருந்த 433 பேரில் ஒரு பாதிக்குக் குழாய் போட்டுச் சிகிச்சை செய்தார்கள். மறுபாதிக்கு டாக்டர் உடம்பைப் பரிசோதித்து மட்டும் சிகிச்சை செய்தார். மரணத்திலும் சரி, வீட்டில் உயிரோடு இருந்த நாட்களிலும் சரி, வித்தியாசம் இல்லை. குழாய் போட்டவர்களுக்குச் சிக்கல்கள்தான் கூடுதலாக வந்தன.

அப்படியானால் அழுத்தத்தை அளப்பதே வீண் வேலையா? இல்லை என்று 2011இல் வந்த 'சாம்பியன்' ஆய்வு சொன்னது. இதில் நுரையீரல் தமனிக்குள் ஒரு சிறு சென்சாரை வைத்துவிடுகிறார்கள். அதற்கு பேட்டரி கிடையாது. நோயாளி தினமும் வீட்டில் ஒரு தனித் தலையணையில் படுத்தால், அது அளவைப் படித்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். 550 பேருக்குமே சென்சார் வைக்கப்பட்டது. ஆனால் ஒரு பாதியினரின் அளவுகள் மட்டும் டாக்டர்கள் கண்ணில் காட்டப்பட்டன. அந்தப் பாதியில், ஆறு மாதத்தில் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 28% குறைந்தது.

ஏன் குறைந்தது? அளவு தெரிந்த குழுவில் டாக்டர்கள் ஆறு மாதத்தில் 2,468 தடவை மருந்தை மாற்றியிருந்தார்கள். தெரியாத குழுவில் 1,061 தடவைதான். சென்சார் இரண்டு குழுவிலும் ஒன்றுதான். அளவைப் பார்த்து யாரோ ஒருவர் மாத்திரையை மாற்றினார் என்பதுதான் வேறுபாடு. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்ற கருவிகளைப் பார்த்தால் எது சரக்கு, எது விளம்பரம் என்று பிரித்துப் பார்ப்பது சுலபம்.

ஆனால் இந்த சென்சாரை வைக்கக் குழாய் செலுத்தும் சிகிச்சை தேவை. விலையும் அதிகம், அமெரிக்காவிலேயே கருவிக்கு மட்டும் பல ஆயிரம் டாலர் ஆகிறது. நம் ஊரில் லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு இது நடக்கிற காரியம் இல்லை. அதனால்தான் ஊசி, குழாய் இல்லாத வழிகள் நமக்கு முக்கியமாகின்றன.

வெளியிலிருந்து எப்படிப் பார்க்கிறார்கள்?

மிகப் பழைய வழி கழுத்தில் இருக்கிறது. வலப்பக்கக் கழுத்துச் சிரை நேராக இதயத்தின் வலது மேலறையில் போய்ச் சேர்கிறது. கொத்தனார் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் வைத்திருப்பாரே, அதே தத்துவம்தான். டியூபின் ஒரு முனை இதயத்தில், இன்னொரு முனை கழுத்தில். இதயத்தில் அழுத்தம் ஏறினால் கழுத்தில் ரத்தத்தின் மட்டம் ஏறும். நோயாளியைச் சாய்வாகப் படுக்கவைத்து, நெஞ்செலும்பின் மேட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் அந்தத் துடிப்பு தெரிகிறது என்று பார்க்க வேண்டும். 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். செலவு ஒரு பைசா கிடையாது. ஆனால் பழகிய கண் வேண்டும். கழுத்து பருமனானவர்களிடம் கண்டுபிடிப்பது கஷ்டம். அவசர ஓ.பி.யில் பலநேரம் இதைப் பார்க்க நேரமும் இருப்பதில்லை.

அடுத்தது அல்ட்ராசவுண்ட். இதயத்தின் இறைக்கும் திறனையும் வால்வுகளையும் எக்கோவில் பார்ப்பது நமக்குப் பழக்கம். நுரையீரலையும் அப்படிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. காற்று நிரம்பிய நுரையீரலில் ஒலி அலை உள்ளே போகாமல் திரும்பிவிடும். நீர் கோத்திருந்தால் திரையில் மேலிருந்து கீழே டார்ச் அடித்ததுபோல வெள்ளைக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளை எண்ணினால் எவ்வளவு நீர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்காத நிலையிலேயே இது தெரிந்துவிடுகிறது. வயிற்றுப் பக்கம் பெரிய சிரை விரிந்திருக்கிறதா, மூச்சை இழுக்கும்போது சுருங்குகிறதா என்று பார்த்து வலதுபக்க அழுத்தத்தையும் கணிக்கலாம். இப்போது மொபைலோடு இணைக்கும் கையடக்க அல்ட்ராசவுண்டும் வந்துவிட்டது.

ஸ்பெயினில் 123 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேனைப் பார்த்து மாத்திரையை மாற்றியபோது அவசரமாக மருத்துவமனைக்கு ஓடிவருவது குறைந்தது. மரணம் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. சிறிய ஆய்வு என்பதால் அதிகம் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனாலும் திசை நம்பிக்கை தருகிறது.

மூன்றாவது வழி, மின்சாரம். பயப்பட வேண்டாம், உடம்புக்குத் தெரியாத அளவு மிக மெல்லிய மின்னோட்டம். நெஞ்சில் சில ஸ்டிக்கர்களை ஒட்டி அதைச் செலுத்துவார்கள். நீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும், காற்றில் பாயாது. நுரையீரலில் நீர் கோத்தால் மின்தடை குறையும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் வெளியேறும்போது ஏற்படும் சிறு மாற்றத்தை வைத்து இதயம் எவ்வளவு இறைக்கிறது என்றும் கணக்கிடுகிறார்கள். 1960களில் விண்வெளி வீரர்களுக்காக நாசா ஆதரவில் வளர்ந்த முறை இது. குறை என்னவென்றால், உடல் பருமன், வியர்வை, ஸ்டிக்கர் ஒட்டிய இடம், சீரற்ற இதயத் துடிப்பு எல்லாமே அளவை மாற்றிவிடும். ஒருவரின் இன்றைய அளவை அவருடைய நேற்றைய அளவோடு ஒப்பிட இது உதவும். தனி ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்து.

நான்காவது, ரேடியோ அலை. இஸ்ரேலில் உருவான ஒரு முறையில், மேல்கோட்டு போன்ற கருவியை மாட்டிக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்தால் போதும். மார்பின் ஊடாகப் போகும் அலை, நுரையீரலில் எத்தனை சதவீதம் நீர் என்று சொல்லிவிடும். 20 முதல் 35% வரை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஐந்தாவதாக, நெஞ்சில் ஒட்டும் 'பேட்ச்'கள். இதயம் துடிக்கும்போது மார்புச் சுவர் நுண்ணிய அளவில் அதிர்கிறது. அந்த அதிர்வு, ஈசிஜி, தோலில் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ரத்த ஓட்டம் மூன்றையும் சேர்த்து, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று கம்ப்யூட்டரே கணிக்கும்படி பழக்குகிறார்கள். நோயாளியின் குரல் மாற்றத்தை வைத்து நீர் கோத்திருப்பதைக் கண்டுபிடிக்கவும் முயற்சி நடக்கிறது. சுவாரசியமான துறைதான். ஆனால் குழாய் காட்டும் எண்ணோடு ஒத்துப்போவது ஒரு கட்டம். அந்த எண்ணை நம்பிச் சிகிச்சை செய்தால் நோயாளிக்கு நன்மை உண்டா என்பது அடுத்த கட்டம். முதல் கட்டத்தைத் தாண்டியதுமே இரண்டாவதையும் தாண்டிவிட்டதுபோல் விளம்பரம் செய்கிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும்.

ஸ்மார்ட்வாட்ச் போதாதா?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அப்பா, அம்மாவுக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கி அனுப்புவது இப்போது சகஜம். நாடித் துடிப்பு, சீரற்ற துடிப்பு, நடந்த தூரம் இதையெல்லாம் வாட்ச் சொல்லும். சீரற்ற துடிப்பை முன்கூட்டியே கண்டுபிடிப்பது இதய நோயாளிக்குப் பயனுள்ளதுதான். ஆனால் நுரையீரலில் அழுத்தம் ஏறுவதை அது சொல்லாது. ஆக்சிஜன் அளவு குறைவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். "ஆக்சிஜன் 97 காட்டுது, ஒண்ணும் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

நமக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒளியை வைத்து அளக்கும் கருவிகள் தோலின் நிறத்தால் ஏமாறக்கூடும். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவைக் கண்டுபிடிக்காமல் விடுவது வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று காட்டியது. ஒளி சென்சார் வைத்த எந்தக் கருவியும் நம் மக்களின் தோலில் சோதிக்கப்பட்டதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்பதும் அவசியம்.

தோற்ற ஆய்வும் ஜெயித்த ஆய்வும்

இனி, இந்தக் கட்டுரை சொல்ல வரும் முக்கியமான இடத்துக்கு வருவோம். தூரத்திலிருந்து நோயாளியைக் கண்காணிப்பது பலன் தருமா? இரண்டு பெரிய ஆய்வுகள் நேரெதிர் விடைகளைத் தந்தன.

முதலாவது, 2010இல் அமெரிக்காவில் வெளியானது. 1,653 நோயாளிகள். ஒரு பாதியினர் தினமும் ஒரு நம்பருக்கு போன் செய்து, பதிவுசெய்யப்பட்ட குரல் கேட்கும் கேள்விகளுக்கு பட்டனை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும்: மூச்சு எப்படி, எடை எவ்வளவு என்று. ஆறு மாதத்தில் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அல்லது இறந்தவர்கள்: கண்காணித்த குழுவில் 52.3%, கண்காணிக்காத குழுவில் 51.5%. ஒரு வித்தியாசமும் இல்லை. ஏழு பேரில் ஒருவர் ஒரு தடவைகூட போன் செய்யவில்லை. மற்றவர்களிலும் பலர் போகப்போக விட்டுவிட்டார்கள். மெஷினிடம் தினமும் பேச யாருக்குத்தான் பிடிக்கும்?

இரண்டாவது, ஜெர்மனியில் நடந்து 2018இல் வெளியான 'டிம்-எச்எஃப்2'. 1,571 நோயாளிகள். கண்காணிக்கப்பட்டவர்களின் வீட்டில் இருந்தவை எளிய கருவிகள்தான்: எடை மெஷின், பி.பி. மெஷின், சிறு ஈசிஜி, ஆக்சிமீட்டர். கூடவே, இன்று உடம்பு எப்படி இருக்கிறது என்று நோயாளியே சொல்லும் ஒரு பதில். ஆனால் மறுமுனையில் 24 மணி நேரமும் டாக்டர்களும் நர்ஸ்களும் உட்கார்ந்திருந்தார்கள். அளவு மாறினால் அவர்களே நோயாளிக்கு போன் செய்தார்கள், மருந்தை மாற்றினார்கள், உள்ளூர் டாக்டரிடம் பேசினார்கள். மருத்துவமனையிலோ மரணத்திலோ இழந்த நாட்கள் வருடத்துக்கு 24.2இலிருந்து 17.8 ஆகக் குறைந்தன. இறப்பும் குறைந்தது: கண்காணித்த குழுவில் 61 பேர், மற்றக் குழுவில் 89 பேர்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆய்வு முடிந்து கண்காணிப்பை நிறுத்திய அடுத்த ஒரு வருடத்தில், அந்த நன்மை தொடர்ந்து கிடைக்கவில்லை. கவனித்தவரை பலன் இருந்தது. கவனிப்பு நின்றதும் பலனும் நின்றது. ஜெர்மனி 2020 டிசம்பரில், தகுதியான இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு இந்தத் தொலைக் கண்காணிப்பைப் பொதுக் காப்பீட்டில் சேர்க்க முடிவெடுத்தது. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2021 வழிகாட்டுதல் இன்னும் எச்சரிக்கையாகவே, "பரிசீலிக்கலாம்" என்ற அளவில்தான் இதைப் பரிந்துரைக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே பலன் கிடைக்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எடை பார்த்தார்கள். ஒன்றில் மெஷின் கேட்டது, இன்னொன்றில் மனிதர் கேட்டார், உடனே ஏதாவது செய்தார். எந்த எண்ணும் தானாக யாரையும் காப்பாற்றுவதில்லை. எண் மாறினால் என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடுதான் காப்பாற்றுகிறது.

நம் ஊரில் என்ன குறைகிறது?

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். வீட்டு வாசல்வரை ஒரு மனிதர் வருகிற ஏற்பாடு பல பணக்கார நாடுகளில்கூடக் கிடையாது. நாம் புதிதாக உருவாக்க வேண்டியதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அந்தப் பையில் ஓர் எடை மெஷினையும், கேட்க வேண்டிய நான்கு கேள்விகளையும் சேர்க்கலாம். இதயச் செயலிழப்போடு டிஸ்சார்ஜ் ஆனவர்களின் பட்டியல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள டாக்டருக்கு நுரையீரல் அல்ட்ராசவுண்ட் பார்க்கப் பயிற்சி தரலாம். முழு எக்கோ கற்பதைவிட இது சுலபம். எடை கூடியது தெரிந்தால் அன்றைக்கே இதய நிபுணரிடம் போனில் கேட்டு மாத்திரையை மாற்றும் அதிகாரம் அந்த டாக்டருக்கு இருக்க வேண்டும். "நாளைக்கு ஓ.பி.க்கு வாங்க" என்ற பதிலில்தான் பல பேரின் அவகாசம் வீணாகிறது. ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறி வர வேண்டியவர்கள், தாங்க முடியாத அளவுக்கு முற்றிய பிறகுதான் வருவார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை.

டிஸ்சார்ஜ் சீட்டிலும் இரண்டு வரி கட்டாயம் வேண்டும். ஒன்று, நீரெல்லாம் வடிந்து வீடு திரும்பும் நாளில் நோயாளியின் எடை. அந்த எண் தெரியாமல் வீட்டில் எடை பார்ப்பதில் அர்த்தமே இல்லை. இரண்டு, எடை கூடினால் யாரை, எந்த நம்பரில் கூப்பிட வேண்டும் என்பது. பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனைப் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. அந்தப் படுக்கையைத் தவிர்க்கச் செய்யும் ஒரு போன் காலுக்கும் ஒரு நர்ஸின் நேரத்துக்கும் தருவதில்லை. ஐசியுவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைவிட இது மலிவு என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். அரசு இதை ஒரு மாவட்டத்தில் தொடங்கி, முறையாக ஆய்வு செய்து, முடிவை வெளியிட வேண்டும்.

தனியார் மருத்துவமனையோ, கம்பெனியோ வீட்டுக் கண்காணிப்பு 'பேக்கேஜ்' தருவதாகச் சொன்னால், பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அளவை யார் பார்ப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாறினாலும் பார்ப்பார்களா? மாறினால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்கு போன் வரும்? இதற்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால், நீங்கள் வாங்குவது கருவியை மட்டும்தான், கண்காணிப்பை அல்ல.

இன்றைக்கே வீட்டில் செய்யக்கூடியவை

* காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். மெஷினைப் பாய் மேல் வைக்காமல் தரையில் வையுங்கள். எடையைச் சுவரில் மாட்டிய காலண்டரிலேயே எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

* எடை கூடாமலேயும் நீர் கோக்கலாம். வயிற்றுப் பக்கச் சிரைகளில் இருந்த ரத்தம் நுரையீரல் பக்கம் இடம் மாறினாலே மூச்சு முட்டும். அதனால் தலையணைகளையும் எண்ணுங்கள். ஒரு தலையணையில் தூங்கியவர் இப்போது இரண்டு, மூன்று கேட்கிறாரா? ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா? படுத்தால் மட்டும் வறட்டு இருமல் வருகிறதா?

* குனிந்தால் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். கோலம் போடக் குனிந்து அரை நிமிடத்துக்குள் மூச்சுத் திணறினால், செருப்பு வாரைப் போடக் குனியும்போது திணறினால், அது உள்ளே அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். பெண்கள் இதை "வயசாகிடுச்சு" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

* முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் விரலால் சில விநாடி அமுக்குங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது என்று பொருள்.

* மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரைகள் பல, குறிப்பாக டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகைகள், உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடும் அதே வேலையைத்தான் செய்யும்.

* நீர் பிரியும் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. எந்த எடைக்கு எத்தனை மாத்திரை என்று டாக்டர் எழுதித் தந்திருந்தால் மட்டும் அதன்படி செய்யலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால், நெஞ்சுவலி, மயக்கம், நுரை கலந்த சளி வந்தால், யோசிக்காமல் 108ஐ அழையுங்கள்.

நெஞ்சில் ஒட்டும் பேட்ச், ரேடியோ அலை மேல்கோட்டு, குரலைக் கேட்டுச் சொல்லும் மொபைல் எல்லாம் நாளைக்கு நம் ஊருக்கும் வரும், விலையும் குறையும். வரட்டும், நல்லதுதான். ஆனால் காலண்டரில் எழுதிய எடையைப் பார்த்துப் பதில் சொல்ல இன்றைக்கே ஆள் இல்லை என்றால், அந்தப் பேட்ச் அனுப்பும் எண்ணைப் பார்த்துப் பதில் சொல்லவும் நாளைக்கு ஆள் இருக்கமாட்டார். அந்த ஆளை நியமிப்பதில் இருந்து அரசும் மருத்துவமனைகளும் தொடங்க வேண்டும்.